சிக்கல் சண்முகசுந்தரமும் திருவையாறு தேர்தலும்: சிவாஜியை நம்ம ஊர் எப்படிப் பார்த்தது?

அரசலாறு

சிவாஜியைப் பற்றி யார் பேச ஆரம்பித்தாலும் பராசக்தி கோர்ட் காட்சி, கட்டபொம்மன் வசனம், ஓவர் ஆக்டிங்கா இல்லையா என்ற சண்டை, அவ்வளவுதான். எனக்கு அதில் பாதிகூட ஆர்வமில்லை. காவிரிக்கரை ஆட்களாக நாம் பேச வேண்டியது வேறு இரண்டு விஷயம்.

ஒன்று, 1968ல் வந்த தில்லானா மோகனாம்பாள். ஊருக்கு ஊர் நாயனக்காரர் (நாகஸ்வரம் வாசிப்பவர்) இருந்த ஜில்லாவில், நாயனமே வாசிக்கத் தெரியாத ஒரு நடிகர் சிக்கல் சண்முகசுந்தரம் என்ற நாயனக்காரராக நடித்து, அதை நம் ஆட்கள் ஏற்றுக்கொண்டார்கள். எப்படி? இரண்டு, 1989ல் அதே மனிதர் திருவையாற்றில் நின்றபோது நம் ஆட்களே தோற்கடித்து அனுப்பினார்கள். ஏன்?

அடிப்படைத் தகவல் தெரியாத இளசுகளுக்காக: பிறந்தது 1928 அக்டோபர் 1, விழுப்புரம். வி.சி. கணேசன். அப்பா சின்னையா மன்றாயர், அம்மா ராஜாமணி. பூர்வீகம் தஞ்சாவூர்ப் பக்கம். சூரக்கோட்டை பண்ணை எல்லாருக்கும் தெரியும், பொங்கல் சமயத்தில் குடும்பத்தோடு அங்கே வருவார். கமலா அம்மாளைக் கல்யாணம் பண்ணிக்கொண்டது 1952 மே மாதம், சுவாமிமலையில். பராசக்தி அதே வருஷம் தீபாவளிக்குத்தான் வந்தது. அதாவது தாலி கட்டும்போது அவர் சினிமாவில் யாருமே இல்லை.

சரி, ஆரம்பிங்க.

பாலக்கரை பையன்

பூர்வீகம் தஞ்சாவூர் என்று சொல்லி மொத்தமாகத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். வளர்ந்தது எங்கள் திருச்சி சங்கிலியாண்டபுரத்தில். ஆற்றின் இந்தப் பக்கம்தான் அவருக்கு நடிப்பு ஆசையே வந்தது. சின்ன வயதில் கட்டபொம்மன் கூத்தைப் பார்த்துவிட்டு, நடித்தால் இப்படி நடிக்க வேண்டும் என்று தோன்றியதாக அவரே சொல்லியிருக்கிறார். அந்தக் கட்டபொம்மனே பிற்பாடு 1959ல் படமாகி, 1960ல் கெய்ரோ ஆசிய-ஆப்பிரிக்கப் பட விழாவில் சிறந்த நடிகர் விருதைக் கொண்டுவந்தது.

அப்புறம் கம்பெனி. யதார்த்தம் பொன்னுசாமிப் பிள்ளையின் நாடகக் குழுவில் சேர்ந்தபோது ஏழு வயசு இருக்கும். அப்பா அம்மா இல்லாத அநாதை என்று பொய் சொல்லிச் சேர்ந்தாராம். வீட்டில் சம்மதம் கேட்டால் விடமாட்டார்கள் என்று தெரியும். காக்கா ராதாகிருஷ்ணன், எம்.ஆர். ராதா எல்லாம் அந்தக் கம்பெனி ஆட்கள்தான். ஆரம்பத்தில் சீதை வேஷம். பெண் வேஷம் போட்டு நடந்து நடந்தே அந்த நடை வந்தது என்பது என் கட்சி. எத்தனை நடை வைத்திருந்தார் என்று எண்ணிப் பாருங்கள், அதிகாரி நடை, குடிகாரன் நடை, கிழவன் நடை, ராஜா நடை.

மாயவரம் மீனாட்சி

எல்லாரும் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை, சொல்லிவிடுகிறேன். எனக்கு சிவாஜி படம் பார்த்தால் களைப்பாக இருக்கிறது. அழுதால் உதடு, கன்னம், கழுத்து, தோள் எல்லாம் சேர்ந்து அழுகிறது. வீட்டில் அப்பா தங்கப்பதக்கம் போட்டால் நான் மொட்டை மாடிக்குப் போய்விடுவேன். எங்கள் ஊரில் பிறந்த எம்.கே. தியாகராஜ பாகவதர் படங்கள்கூட எனக்கு அவ்வளவு தொந்தரவாக இல்லை. அவர் நின்ற இடத்திலேயே நின்று பாடிவிட்டுப் போய்விடுவார்.

கிண்டலுக்காகக் கேட்கவில்லை. நிஜமாகவே இதில் எதை ரசிக்கிறீர்கள் என்று தெரிந்துகொள்ள ஆசை.

பாலக்கரை பையன்

பாகவதர் நின்று பாடியதற்குக் காரணம், அவருக்கு நடிக்க வராது, அதான். ஆனால் குரல்! அதனால்தான் ஹரிதாஸ் சென்னை பிராட்வேயில் மூன்று தீபாவளி பார்த்தது.

களைப்பைப் பற்றி. பாய்ஸ் கம்பெனிப் பையனுக்கு முதலில் சொல்லிக் கொடுப்பது, கடைசி வரிசையில் தரையில் உட்கார்ந்திருக்கிறவனுக்குக் கேட்க வேண்டும் என்பதைத்தான். ராஜபார்ட்டோ ஸ்திரீபார்ட்டோ, குரல் எட்டவில்லை என்றால் பிரம்பு. முகம் தெரியாத தூரத்தில் இருக்கிறவனுக்குத் தோளாலும் கையாலும்தான் சோகத்தைச் சொல்ல முடியும். அந்த உடம்பு அப்படிப் பழகிய உடம்பு. பராசக்தி வரும்போது அவருக்கு வயது 24. அதற்குள் பதினைந்து வருஷத்துக்கு மேல் மேடை ஏறியாகிவிட்டது.

குடந்தை வெற்றிலை

இதில் ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். எம்.ஜி.ஆர். சின்ன வயதில் இருந்ததும் படித்ததும் எங்கள் கும்பகோணத்தில், ஆனையடிப் பள்ளிக்கூடம். அங்கிருந்துதான் மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனிக்குப் போனார். கலைஞர் திருக்குவளை, படித்தது திருவாரூர். ஒருத்தர் நடிப்பு, ஒருத்தர் வசனம், ஒருத்தர் கவர்ச்சி. மூன்று பேருமே காவிரித் தண்ணீர் குடித்தவர்கள்.

இன்னொரு சங்கதி. அண்ணா எழுதிய சிவாஜி கண்ட இந்து சாம்ராஜ்யம் நாடகத்தில் சிவாஜி வேஷம் முதலில் எம்.ஜி.ஆருக்குத்தான் போவதாக இருந்தது. அவர் நடிக்க முடியாமல் போகவே கணேசனுக்கு வந்தது. பக்கம் பக்கமாக வசனம். பார்த்த பெரியார், இனிமேல் இவர் சிவாஜி கணேசன் என்றார். எம்.ஜி.ஆர். மட்டும் அன்றைக்கு அந்த வேஷத்தைக் கட்டியிருந்தால், இன்றைக்கு நாம் யாரை சிவாஜி என்று கூப்பிட்டிருப்போமோ! யாருக்கு அதிர்ஷ்டம் என்று நான் சொல்ல மாட்டேன். வாத்தியார் வாத்தியார்தான்.

பாலக்கரை பையன்

வந்துட்டாருய்யா. வாத்தியாருக்கு அந்த வசனத்தை ஒரே மூச்சில் சொல்ல வந்திருக்குமா என்று முதலில் சொல்லுங்கள்.

குடந்தை வெற்றிலை

வசனம் பேசத் தெரிந்தவர் கோட்டைக்குப் போனாரா, பேசத் தெரியாதவர் போனாரா?

நெறியாளர்

இரண்டு பேரும் நிறுத்துங்கள். இந்தச் சண்டைக்குத் தனி இழை இருக்கிறது, அது ஏற்கெனவே நாறிக் கிடக்கிறது. இங்கேயும் ஆரம்பித்தால் பூட்டிவிடுவேன். அரசலாறு ஐயா கேட்டதற்கு வாருங்கள்.

நாயனக்காரர் பேரன்

தாத்தா மன்னார்குடிப் பக்கம் கோயில் உத்தியோகம் பார்த்தவர். அந்தப் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

நாயனம் வாசிப்பதுபோல் நடிப்பது வீணையையோ மிருதங்கத்தையோ போல இல்லை. வீணை என்றால் கையை நகர்த்தினால் போதும், முகம் சும்மா இருக்கலாம். நாயனத்தில் பாதி வேலை வாயில் நடக்கிறது. விரல் வைக்கும் துளை ஏழுதான். மற்ற நுணுக்கமெல்லாம் வாயில் வைத்து ஊதுகிற சீவாளியை உதடு எப்படிக் கவ்வுகிறது, காற்றை எவ்வளவு அழுத்தி விடுகிறோம், துளையை எவ்வளவு மூடுகிறோம் என்பதில். அதனால் பொய்யாக ஊதுகிறவன் முதலில் மாட்டிக்கொள்வது விரலில் இல்லை, கழுத்திலும் கன்னத்திலும்தான். இரண்டாவது, மூச்சு. சங்கதி, அதாவது வாசிக்கிற இசைத் துணுக்கு, முடிகிற இடத்தில்தான் மூச்சு எடுக்க முடியும். நடுவில் எடுக்கிற மாதிரி நெஞ்சு ஏறி இறங்கினால் எங்கள் வீட்டுச் சின்னப் பிள்ளைகூடச் சிரித்துவிடும்.

படத்தில் வாசித்தது மதுரை எம்.பி.என். சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள். ஒலிப்பதிவில் அவர்கள் வாசிப்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து சிவாஜி கவனித்தார் என்பது ஊரறிந்த விஷயம். அவர் பார்த்தது விரலை அல்ல என்று நினைக்கிறேன். படத்தை மறுபடி பாருங்கள், விரல் ஒரு சில இடத்தில் சரியாகப் பொருந்தாது. ஆனால் மூச்சு ஒரு இடத்தில்கூடத் தப்பாது. நாகஸ்வரக்காரர்கள் அவரை ஏற்றுக்கொண்டது அதற்காகத்தான்.

அதைவிட எனக்குப் பிடித்தது வேறு. வாசித்துக்கொண்டே தவில்காரரைப் பார்க்கிற பார்வை. டி.எஸ். பாலையா முத்துராக்கு என்ற தவில்காரராக வருகிறார். ஒரு சங்கதியைத் தூக்கிப் போட்டுவிட்டு, எடுத்துக்கோ என்று புருவத்தாலேயே சொல்வது, பதில் வந்ததும் லேசாகத் தலையை ஆட்டுவது, இதெல்லாம் கச்சேரியில் ஒருவருக்கொருவர் பழகிய செட்டுக்குள் மட்டும் நடக்கிற பேச்சு. பக்கத்தில் இரண்டாவது நாயனமாக ஏ.வி.எம். ராஜன். பெரியவர் விட்ட இடத்தில் சின்னவர் எடுப்பதும் ஒழுங்காக இருக்கும்.

வித்வான் கர்வம் என்று ஒன்று உண்டு. சபையில் சலசலப்பு வந்தால் வாசிப்பை நிறுத்திவிட்டு எழுந்து போகிற கர்வம். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையைப் பற்றி எங்கள் பக்கத்தில் சொல்லாத கதை இல்லை. தோடியை எடுத்தால் விடிகிற வரைக்கும் வாசித்தார், பிடிக்கவில்லை என்றால் ஜமீனாக இருந்தாலும் போடா என்று போய்விடுவார், கிராப்பு வைத்துக்கொண்டு ஷெர்வானி போட்டுக்கொண்டு வருவார், இப்படி. அவர் 1956லேயே போய்விட்டார். கதை எழுதிய கொத்தமங்கலம் சுப்பு அவரை மனதில் வைத்துத்தான் எழுதினாரா என்ற வாதத்துக்கு நான் வரவில்லை. ஆனால் வெடி வெடித்ததற்காக வாசிப்பை நிறுத்தும் சண்முகசுந்தரத்தைப் பார்த்தபோது தாத்தா காலத்து ஆட்களுக்கு யார் ஞாபகம் வந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

மாயவரம் மீனாட்சி

அண்ணா, இது எனக்குப் புதுசு. மூச்சைக் கவனித்துப் பார்த்ததே இல்லை. ஆனாலும் ஒரு கேள்வி. கர்வத்தைக் காட்ட நெஞ்சை நிமிர்த்தி, மூக்கை விடைத்து, கண்ணை உருட்டித்தான் ஆக வேண்டுமா? நிஜ வித்வான்கள் அப்படியா இருக்கிறார்கள்? எனக்குத் தெரிந்தவர்கள் கல்யாண மண்டபத்தில் வாசித்துவிட்டுப் பேசாமல் பந்தியில் உட்காருகிறார்கள்.

நாயனக்காரர் பேரன்

இப்போது அப்படித்தான் உட்கார வேண்டியிருக்கிறது தங்கச்சி. செல்போனில் பேசிக்கொண்டே எதிரில் நிற்கிறார்கள், கெட்டிமேளம் மட்டும் வந்தால் போதும் அவர்களுக்கு. கண்ணை உருட்டினால் அடுத்த முகூர்த்தத்துக்குக் கூப்பிட மாட்டார்கள்.

சுவாமி புறப்பாட்டில் மல்லாரி வாசிக்கிறபோது போய் முகத்தைப் பாருங்கள். கண்ணு உருளும்.

அரசலாறு

மீனாட்சிக்கு என் பங்குக்கு ஒன்று. நீங்கள் பார்த்ததெல்லாம் உங்கள் அப்பா தேர்ந்தெடுத்த சிவாஜி. 1954ல் வந்த அந்த நாள் பாருங்கள். எஸ். பாலச்சந்தர் இயக்கியது, பாட்டே கிடையாது. சிவாஜி நாட்டைக் காட்டிக்கொடுக்கிற ரேடியோ இன்ஜினியர், ஆரம்பத்திலேயே செத்துப்போகிறார். பிறகு ஒவ்வொருத்தர் சொல்கிற கதையிலும் கொஞ்சம் கொஞ்சமாக வருகிறார். குரலை உயர்த்தாமல் ஒரு அயோக்கியனை அப்படி நடித்தவர், அதே வருஷத்தில் மனோகராவில் சங்கிலியோடு கர்ஜித்தார். அந்த நாளில் அடக்கியவருக்கு மனோகராவில் அடக்கத் தெரியாமலா போயிற்று? தெரிந்துதான் கர்ஜித்தார். இந்தப் படத்துக்கு எவ்வளவு வேண்டும் என்று அவரும் இயக்குநரும் பார்த்து அளந்து போட்டது.

1985க்கு வாருங்கள், முதல் மரியாதை. பாரதிராஜா அவரை ஒரு ஊர்ப் பெரிய மனிதராக உட்கார வைத்தார், வசனம் சொற்பம். 1992ல் தேவர் மகன், கொஞ்ச நேரம்தான் வருகிறார். அந்த வீட்டுக்கு யார் பெரியவர் என்பதைச் சாப்பாடு பரிமாறுகிற வேலைக்காரன்கூட முதுகால் உணர்கிற மாதிரி இருக்கும்.

அவரை மிகை என்று சொல்வது பாதி உண்மை என்பதை நானும் ஒப்புக்கொள்வேன். 70களில் வந்த பல படங்களில் இயக்குநர் என்று ஒருத்தர் இருந்தாரா என்றே சந்தேகமாக இருக்கும். அவரிடம் போய் ‘குறைச்சுக்குங்க’ என்று சொல்ல யாருக்கும் தைரியம் இல்லை. ரசிகனும் கைதட்டினான். வருஷத்துக்கு ஆறு ஏழு படம். அதில் பாதியை நான் திரும்பப் பார்க்க மாட்டேன். ராஜராஜ சோழன் படத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1973, தமிழின் முதல் சினிமாஸ்கோப். தஞ்சாவூர்க்காரர் தஞ்சாவூர் ராஜாவாக நடிக்கிறார், நாம் கொண்டாடியிருக்க வேண்டும். அரு. ராமநாதன் எழுதி டி.கே.எஸ். சகோதரர்கள் மேடையில் போட்ட நாடகம் அது. திரை அகலமானதே தவிர, படம் மேடையை விட்டு இறங்கவே இல்லை.

கீழத்தஞ்சை

நாயனப் பேச்சு நன்றாகப் போகிறது. குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும்.

தில்லானா மோகனாம்பாள் காட்டுகிற தஞ்சாவூர் எந்தத் தஞ்சாவூர்? கோயில், கச்சேரி, மிட்டாதார், மகாராஜா. படம் வந்தது 1968 ஜூலை. அதே வருஷம் டிசம்பர் 25 ராத்திரி, சிக்கலிலிருந்து அதிக தூரமில்லாத கீழவெண்மணியில் கூலி உயர்வு கேட்ட குடும்பங்களைச் சேர்ந்த 44 பேரைக் குடிசைக்குள் வைத்து எரித்தார்கள். அந்தப் படத்தில் வயலே இல்லை, வயலில் நிற்கிறவனும் இல்லை. இதற்காக நடிகரைக் குற்றம் சொல்லவில்லை. ஆனால் ‘நம்ம ஊரை அப்படியே காட்டின படம்’ என்று யாராவது எழுதினால் எனக்கு எரிகிறது.

அரசலாறு

மன்னிப்பெல்லாம் எதற்கு. நீங்கள் சொன்னது இந்த இழைக்குள் வர வேண்டியதுதான். ஆனால் மிட்டாதார்களை அந்தப் படம் தூக்கிப் பிடிக்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். நாட்டியக்காரி மோகனாவின் (பத்மினி) அம்மா வடிவாம்பாள் மகளைப் பணக்காரன் ஒருவனிடம் ஒப்படைக்கப் பார்க்கிறாள். சி.கே. சரஸ்வதி அதைச் செய்திருக்கிற விதம் இன்றைக்கும் வயிற்றைக் கலக்கும். தேவதாசி முறையை ஒழித்த சட்டம் 1947ல் வந்துவிட்டது, ஆனால் அந்தப் பழக்கத்தின் நிழல் அந்த வீட்டில் இருக்கிறது. மைனர்களும் ராஜாக்களும் நாகேஷ் செய்த வைத்தியும் ஆளுக்கொரு பக்கம் இழுக்கிறார்கள். சண்முகசுந்தரத்தின் சந்தேகப் புத்திகூட அங்கிருந்துதான் வருகிறது. ‘கௌரவமான வித்வான்’ என்ற பெயருக்குள் எவ்வளவு பொறாமையும் ஆண்பிள்ளை அகம்பாவமும் இருக்கிறது என்பதை சிவாஜி மறைக்காமல் காட்டினார். அந்தப் பாத்திரத்தை நல்லவனாக்க அவர் மெனக்கெடவே இல்லை. நாயக நடிகர்களில் அந்தத் துணிச்சல் எத்தனை பேருக்கு இருந்தது?

கீழத்தஞ்சை

சரி, அதை ஒத்துக்கொள்கிறேன். வயல் விஷயம் அப்படியேதான் இருக்கிறது.

ஒரத்தநாடு வாத்தியார்

திருவையாற்றுக் கேள்வியை யாரும் தொடவில்லையே. நான் சொல்கிறேன். அப்போது வேலைக்குச் சேர்ந்த புதிது, தேர்தல் நேரத்துக் கூத்து நன்றாக ஞாபகம் இருக்கிறது.

முதலில் அவருடைய அரசியல் பயணத்தைச் சுருக்கமாக. திராவிட இயக்க மேடையில் வளர்ந்தவர். 50களின் நடுவில் திருப்பதி போய் வந்தார் என்று கட்சிக்காரர்கள் கேலி செய்தார்கள், மனம் கசந்து விலகினார். 1961ல் ஈ.வெ.கி. சம்பத் தமிழ் தேசியக் கட்சி தொடங்கியபோது அவரோடு. பிறகு காங்கிரஸ். காமராஜர் மேல் அவருக்கு இருந்தது அரசியலே அல்ல, பக்தி. காமராஜர் 1975ல் மறைந்த பிறகும் காங்கிரசிலேயே இருந்தார். 1982ல் மாநிலங்களவை நியமன உறுப்பினர். கட்சிக்காக ஊர் ஊராகக் கூட்டம் சேர்த்துக் கொடுத்ததற்குக் கட்சி திருப்பிக் கொடுத்தது அவ்வளவுதான்.

எம்.ஜி.ஆர். 1987 டிசம்பரில் இறந்தார். ஜானகி அம்மாள் ஆட்சியைக் காங்கிரஸ் ஆதரிக்கவில்லை. அதில் கோபப்பட்டு வெளியே வந்து 1988ல் தமிழக முன்னேற்ற முன்னணி என்று சொந்தக் கட்சி. அதற்காகவே என் தமிழ் என் மக்கள் என்று ஒரு படமும் வந்தது. யோசித்துப் பாருங்கள், ஆயுசு முழுக்க எம்.ஜி.ஆருக்கு எதிர்ப்பக்கம் நின்றவர், எம்.ஜி.ஆர். போன பிறகு அவர் மனைவிக்காகக் காங்கிரசை விட்டு வருகிறார். சினிமாவில் எழுதினால் நம்ப மாட்டார்கள். மனிதராக அது பெரிய மனது. அரசியலாக அது தற்கொலை.

இப்போது தொகுதி. 1989 ஜனவரி தேர்தலில் தமிழ்நாடே நாலாகக் கிழிந்து கிடந்தது. ஒரு பக்கம் தி.மு.க., சேவல் சின்னத்தோடு ஜெயலலிதா, இரட்டைப் புறாவோடு ஜானகி அம்மாள், தனியாகக் காங்கிரஸ். அந்தக் காங்கிரசுக்குத் தலைமை யார்? பக்கத்துப் பாபநாசத்தில் நின்று ஜெயித்த மூப்பனார். சிவாஜிக்கு நம் பக்கத்தில் இருந்த ஓட்டு எல்லாம் காங்கிரஸ் ஓட்டு. சிவாஜி மன்றத்துப் பையன் வீட்டில் அப்பன் கதர் போட்டவன். அந்த அப்பன் மூப்பனாரை விட்டுவிட்டு இவர் பின்னால் வருவானா? எம்.ஜி.ஆர். ரசிகன் வருவானா? அவன் இவர் படப் போஸ்டரில் சாணி அடித்தவன். பதின்மூன்று வருஷமாகக் காத்திருந்த தி.மு.க.காரன் வருவானா?

எதிரில் நின்ற தி.மு.க.வின் துரை சந்திரசேகரன் அந்தத் தொகுதி ஆள், தெருத் தெருவாகத் தெரிந்தவர். 2021லும் அதே தொகுதியில் ஜெயித்தார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். சிவாஜி பத்தாயிரத்துக்கு மேற்பட்ட ஓட்டு வித்தியாசத்தில் தோற்றார். அவர் கட்சிக்கு மாநிலம் முழுக்க ஒரு இடம்கூட இல்லை. சொந்த மண், சொந்த சனம் என்ற கணக்கைப் போட்டுத்தான் அந்தத் தொகுதி. அந்தக் கணக்கு எடுபடவில்லை.

வேனில் வந்தபோது கூட்டம் எப்படி என்கிறீர்கள்? கும்பல்! பெண்கள் ஆரத்தித் தட்டோடு நின்றார்கள். ஆனால் அது தரிசனக் கூட்டம்.

குடந்தை வெற்றிலை

வாத்தியார் ஐயா சொன்னதில் ஒன்று மட்டும் சேர்க்கிறேன், நெறியாளர் கோபிக்காமல் இருந்தால். எம்.ஜி.ஆர். படத்தில் வருகிற எம்.ஜி.ஆரும் ஓட்டுக் கேட்கிற எம்.ஜி.ஆரும் ஒரே ஆள். படகோட்டியாக வந்தாலும் ரிக்‌ஷாக்காரனாக வந்தாலும் அது அவர்தான், ஏழைக்கு நல்லது செய்வார், அம்மாவைக் கும்பிடுவார், குடிக்க மாட்டார். சிவாஜி ஒவ்வொரு படத்திலும் வேறு ஆளாக வந்தார். குடித்தார், அழுதார், தோற்றார், துரோகம் செய்தார், செத்தார். எந்த சிவாஜிக்கு ஓட்டுப் போடுவது?

பாலக்கரை பையன்

இதை நான் எழுதியிருக்க வேண்டியது, எதிர்க்கட்சிக்காரர் எழுதிவிட்டார். அவர் நல்ல நடிகராக இருந்ததற்கு டெல்டா கொடுத்த சான்றிதழ்தான் அந்தத் தோல்வி என்று வைத்துக்கொள்கிறேன்.

எங்கள் ஊரும் பெரிய யோக்கியமில்லை. பாலக்கரை ரவுண்டானாவில் சிலையை நிறுத்திவிட்டு வருஷக்கணக்காகத் துணியைச் சுற்றியே வைத்திருந்தார்கள். பிரெஞ்சு அரசாங்கம் 1995ல் செவாலியே கொடுத்தது, தாதாசாகேப் பால்கே விருதும் வந்தது. இவ்வளவுக்கும் சிறந்த நடிகர் என்று தேசிய விருது கடைசி வரைக்கும் கொடுக்கவில்லை. அதில் எங்கள் ஊர் துணி ஒரு பெரிய அவமானமா என்று சமாதானம் செய்துகொள்வோம்.

ஒரத்தநாடு வாத்தியார்

தோல்விக்குப் பிறகு கட்சியை ஜனதா தளத்தோடு சேர்த்தார், கொஞ்ச நாளில் அரசியலே வேண்டாம் என்று ஒதுங்கிவிட்டார். திருவையாற்றுக்காரர்கள் மேல் வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை, சூரக்கோட்டைக்கு வருவது நிற்கவில்லை. 2001 ஜூலையில் இறந்தபோது எங்கள் ஊரில் கடை அடைத்தார்கள். அடைத்தவர்களில் பாதிப்பேர் 1989ல் அவருக்கு ஓட்டுப் போடாதவர்கள் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். அதில் எதுவும் முரண்பாடாக அவர்களுக்குத் தோன்றவில்லை.

நன்றி மறக்காதவர் என்பதற்கு ஒன்று சொல்லி முடிக்கிறேன். பராசக்தியில் இந்தப் பையன் வேண்டாம், ஆளை மாற்று என்று பெரிய இடத்திலிருந்து நெருக்கடி வந்தபோது, இவர்தான் நடிப்பார் என்று நின்றவர் தயாரிப்பாளர் பெருமாள் முதலியார். ஒவ்வொரு பொங்கலுக்கும் வேலூரில் அவர் வீட்டுக்குப் போய்ச் சீர் வைத்துக் கும்பிட்டுவிட்டு வருவார் சிவாஜி. இவ்வளவு உயரத்துக்குப் போன பிறகும் அதை விடவில்லை.

மாயவரம் மீனாட்சி

இவ்வளவு படித்த பிறகு அந்த நாள் பார்த்தேன். ஒத்துக்கொள்கிறேன், அருமை. அந்த மனிதர் முகத்தில் இருக்கிற குளிர்ச்சி பயமாக இருக்கிறது. ஆனால் தங்கப்பதக்கம் பற்றிய என் கருத்தில் மாற்றமில்லை, அப்பாவிடமும் சொல்லிவிட்டேன்.

அடுத்தது தில்லானா. நாயனக்கார அண்ணா, எதைக் கவனித்துப் பார்க்க வேண்டும்? பத்மினி ஆடும்போது என் கண் அந்தப் பக்கம் போய்விடுமே.

நாயனக்காரர் பேரன்

போகட்டும், பத்மினியைப் பார்க்காமல் யாரால் இருக்க முடியும். முதல் தடவை கதைக்காகப் பாருங்கள். மனோரமாவும் நாகேஷும் வருகிற இடத்தில் என்னைப் போல உங்களுக்கும் நாயனம் மறந்துபோகும்.

இரண்டாவது தடவை நகுமோமு வருகிற இடத்தை மட்டும் எடுத்து, சத்தத்தை மொத்தமாகக் குறைத்துவிட்டுப் பாருங்கள். திருவையாற்றுத் தியாகராஜரின் கீர்த்தனை, ஆபேரி. சத்தமில்லாமலே எங்கே சங்கதி ஏறுகிறது, எங்கே இறங்குகிறது, எங்கே தவிலுக்கு விடுகிறார் என்று முகத்தை வைத்தே சொல்லிவிடலாம். பிறகு நலந்தானா. காயத்தோடு வந்து வாசிக்கிறவர், ஆடிக்கொண்டே அவள் நலம் விசாரிக்கிறாள். அவர் பதில் சொல்ல வேண்டும், வாயில் சீவாளி இருக்கிறது. வசனத்துக்குப் பேர் போன மனிதருக்கு அந்த இடத்தில் வசனமே கிடையாது.

மாயவரம் மீனாட்சி

ஞாயிற்றுக்கிழமை பார்க்கிறேன். பிடிக்கவில்லை என்றால் இங்கேயே வந்து உங்களைத்தான் திட்டுவேன் அண்ணா. அப்பாவும் கூட உட்காருவார், சத்தத்தைக் குறைக்க விடுவாரா என்பதுதான் சந்தேகம்.

நாயனக்காரர் பேரன்

அவர் தூங்கின பிறகு போடுங்கள்.